குச்சி எந்தப் பக்கம் சாயுது? லாப்ஸ்டர் மிதவைகளுக்கு நடுவே ஒரு பாய்மரப் பயணம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். ஆகஸ்ட் மாதத்தில் அதன் கரையில் நின்று கடலைப் பார்த்தால், பெட்டிக்கடை மிட்டாய் ஜாடியை யாரோ தண்ணீரில் கவிழ்த்துவிட்டதுபோல இருக்கும். மஞ்சளில் சிவப்புப் பட்டை, வெள்ளையில் பச்சை, ஆரஞ்சில் கறுப்பு வளையம்... கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குட்டிக் குட்டி மிதவைகள். கரையில் நிற்பவர்களுக்கு அது செல்ஃபிக்கு ஏற்ற பின்னணி. படகில் போகிறவர்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு கண்ணி.

ஏனென்றால், ஒவ்வொரு மிதவைக்குக் கீழும் ஒரு கயிறு இருக்கிறது. கயிற்றின் மறுமுனையில், கடலடியில், லாப்ஸ்டர் பிடிக்கும் கம்பிக்கூடு கிடக்கிறது. நம் ஊர் சிங்கி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம்தான் இந்த லாப்ஸ்டர். ஆனால், சிங்கி இறாலுக்கு இல்லாத இரண்டு பெரிய கொடுக்குகள் இதற்கு உண்டு. 2016-ல் மட்டும் மெய்ன் மீனவர்கள் 13 கோடி பவுண்டுக்கு மேல் பிடித்தார்கள், அதாவது சுமார் 6 கோடி கிலோ. பெரும்பாலான இடங்களில் ஓர் உரிமத்துக்கு 800 கூடுகள் வரை போடலாம். உரிமம் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதில் சிக்கல் என்னவென்றால், லாப்ஸ்டர் அதிகம் கிடைக்கும் காலமும், சுற்றுலாப் படகுகள் அதிகம் வரும் காலமும் ஒன்றுதான். ஜூலையில் பிழைப்புக்கு ஒரு கூட்டமும் விடுமுறைக்கு ஒரு கூட்டமும் அதே தண்ணீரில் இறங்குகின்றன.

பாஸ்டனில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு பழைய 30 அடி பாய்மரப் படகை வாங்கிவைத்திருக்கிறார். லீவு போட்டு அங்கே போயிருந்தபோது, ராக்லாண்ட் துறைமுகத்திலிருந்து ஸ்டோனிங்டன் என்ற மீனவர் ஊர் வரை அந்தப் படகில் போகும் வாய்ப்பு கிடைத்தது. இடையில் பெனாப்ஸ்காட் வளைகுடா. 'ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே தீவு தீவா பார்க்கலாம்' என்று அண்ணி ஆசைகாட்டியிருந்தார். கிளம்பும்போதுதான் தெரிந்தது, எனக்கு ஒரு வேலையும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று.

"நீ முன்னாடி போய் உட்காரு. மிதவையைப் பார்த்தா கையைக் காட்டு. கத்தாதே, இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேட்காது" என்றார் அண்ணன்.

"மிதவை இருக்கிற பக்கம் காட்டணுமா, படகு போகவேண்டிய பக்கமா அண்ணா?"

"போகவேண்டிய பக்கம். இதுல மட்டும் குழம்பினோம்னா அவ்வளவுதான்."

மிதவைகள் நிறைந்த கடலில் போகும் எந்தப் படகிலும் முதலில் பேசி முடிவு செய்யவேண்டிய விஷயம் இதுதான் என்று பிறகு புரிந்தது. காட்டுகிறவர் ஒன்றை நினைத்துக் காட்ட, சுக்கான் பிடிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொண்டால், மிதவையை நோக்கியே படகு போகும்.

கூட்டுக்குள் சமையலறை, வரவேற்பறை!

எதைத் தவிர்க்கிறோம் என்று தெரிந்தால்தான் எப்படித் தவிர்ப்பது என்று புரியும். அதனால் முதலில் கூடு.

பிளாஸ்டிக் பூசிய கம்பிவலையால் செய்த நீள்சதுரப் பெட்டி அது. உள்ளே இரண்டு அறைகள். இரை கட்டித் தொங்கவிடும் அறைக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர், சமையலறை. சாப்பிட்டுவிட்டு வெளியேற வழி தேடும் லாப்ஸ்டர் போய் மாட்டிக்கொள்ளும் அடுத்த அறைக்குப் பெயர், வரவேற்பறை. விருந்தாளியை உட்காரவைத்துப் பிடிக்கிறார்கள்! குட்டிகள் தப்பிப் போகத் தனியாக ஒரு சிறிய திறப்பு உண்டு. கூடு தொலைந்துபோனால், சில காலத்தில் இற்றுப்போய்த் தானாகத் திறந்துகொள்ளும் ஒரு பகுதியும் கட்டாயம் இருக்கவேண்டும்.

மேலே மிதக்கும் மிதவைதான் முகவரி. ஒவ்வொரு மீனவருக்கும் அவருக்கென்று ஒரு வண்ணச் சேர்க்கை. அது உரிமத்தில் பதிவாகியிருக்கும். மிதவையில் உரிம எண்ணைப் பொறித்திருப்பார்கள். அதே வண்ணத்தைத் தன் படகிலும் எல்லோருக்கும் தெரியும்படி காட்டவேண்டும் என்பது சட்டம். பலர் ஒரு மிதவையையே படகின் கூரையில் மாட்டிவைத்துவிடுகிறார்கள். யாருடைய கூட்டை யார் தூக்குகிறார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அடுத்தவர் கூட்டைத் தொடுவது அங்கே பெரிய குற்றம், மீனவராக இருந்தால் உரிமமே பறிபோகும்.

சட்டத்துக்கு வெளியேயும் ஒரு நடைமுறை இருக்கிறது. மெய்ன் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஜேம்ஸ் அச்செசன் இந்த மீனவர்களோடு பழகி 1988-ல் ஒரு புத்தகம் எழுதினார். எந்த ஊர்க்காரர் எந்தத் தண்ணீரில் கூடு போடலாம் என்று எழுதப்படாத எல்லைகள் இருக்கின்றன என்கிறார். எல்லை தாண்டி வந்தவருக்கு முதல் எச்சரிக்கை, அவருடைய மிதவையின் குச்சியில் யாரோ போட்டுவைத்துப் போகும் ஒரு முடிச்சு. புரிந்துகொண்டு விலகாவிட்டால், கயிறு அறுபடும். கயிற்றை அறுப்பது அந்தக் கடலில் சண்டைக்கான அழைப்பு. இந்தப் பின்னணி தெரியாமல் கத்தியோடு வரும் சுற்றுலாப் பயணியை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மிதவையைப் படிப்பது எப்படி?

மெய்ன் கடலில் தண்ணீர் ஏறி இறங்கும் அளவு நமக்குப் பழக்கமில்லாதது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ராக்லாண்டில் சராசரியாக 10 அடி. கிழக்கே கனடா எல்லையில் இருக்கும் ஈஸ்ட்போர்ட்டில் 18 அடியைத் தாண்டும். இவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியேறவேண்டும். தீவுகளுக்கு நடுவே ஆறு ஓடுவதுபோல நீரோட்டம் இழுக்கும். நம் கடலோர மக்கள் 'நீவாடு' என்பார்களே, அதேதான்.

அந்த நீவாடுதான் படகோட்டிக்குத் துப்பும் கொடுக்கிறது. கூடு அடியில் அசையாமல் கிடக்கும். மிதவையை நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும். ஆக, கயிறு எப்போதும் மிதவையிலிருந்து நீரோட்டம் வரும் திசையில்தான் சாய்ந்து இறங்கும். மறுபக்கத்தில், அதாவது தண்ணீர் ஓடிப்போகும் பக்கத்தில், கயிறு இல்லை. அந்தப் பக்கம் கடந்தால் தப்பித்தோம்.

நீரோட்டம் எந்தத் திசை என்று எப்படித் தெரியும்? மிதவையே சொல்லும். பல மிதவைகளின் நடுவே ஒரு மரக்குச்சி செருகியிருக்கும். அடிப்பக்கத்தைக் கயிறு இழுப்பதால் மிதவை படுத்துக்கொள்ள, குச்சியின் தலை கயிறு இல்லாத பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குச்சி காட்டும் பக்கமாகப் போகவேண்டும். குச்சி இல்லையென்றால், மிதவைக்குப் பின்னால் தண்ணீரில் விழும் சின்னச் சுழிப்பு அதே திசையைக் காட்டும்.

இதோடு முடிந்திருந்தால் சுலபம். பெனாப்ஸ்காட் வளைகுடாவிலும் அதற்குக் கிழக்கேயும் ஒரே கயிற்றில் இரண்டு மிதவைகள் இருக்கும். ஏற்றத்தின்போதும் எட்டவேண்டும் என்பதற்காகக் கயிற்றை நீளமாக விடுகிறார்கள். தண்ணீர் வற்றும்போது மீதிக் கயிறு கடலடிப் பாறையில் உரசி அறுந்துவிடாமல் இருக்க, பெரிய மிதவைக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு சின்ன மிதவையைக் கட்டுகிறார்கள். ஏற்றத்தில் அது தண்ணீருக்குள் மறைந்திருக்கும். வற்றத்தில் மேலே வந்து, பெரிய மிதவையிலிருந்து சில அடி தள்ளி, சம்பந்தமே இல்லாததுபோல மிதக்கும். இரண்டுக்கும் நடுவே கயிறு மேல்மட்டத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் இடைவெளி இருக்கிறதே என்று நடுவில் புகுந்து மாட்டுவது இங்கேதான்.

நீரோட்டமே இல்லாமல் கடல் நின்று திரும்பும் நேரம் இன்னும் மோசம். கயிறு எந்தப் பக்கம் வளைந்து கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விலகிப் போவது மட்டும்தான் வழி. சூரியனுக்கு எதிரே போனால் தண்ணீரின் மினுமினுப்பில் மிதவை தெரியாது. மூடுபனி வந்துவிட்டால் ராடாரையும் நம்பமுடியாது, அவ்வளவு சின்னப் பொருளை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. இரவில் இந்தத் தண்ணீரில் இன்ஜின் ஓட்டிக்கொண்டு போவதை அண்ணன் யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை.

தவிர்க்கவே முடியாமல் மிதவை படகுக்கு அடியில் வந்துவிட்டால்? உடனே கியரை நியூட்ரலுக்கு மாற்றவேண்டும். சுற்றாத ப்ரொப்பல்லர் பெரும்பாலும் கயிற்றைச் சுருட்டாது. வந்த வேகத்திலேயே படகு மிதவையைத் தாண்டிவிடும். பின்னால் மிதவை 'பொளக்' என்று மேலே வந்த பிறகுதான் மறுபடி கியர். முதல் ஒரு மணி நேரத்தில் அண்ணன் இதை நான்கு முறை செய்தார். அண்ணி தெர்மாஸ் காபியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

படகு நின்றது

அன்று சனிக்கிழமை. பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். நார்த் ஹேவன், வைனல்ஹேவன் தீவுகளுக்கு நடுவே போகும் கால்வாயைக் கடந்து, வளைகுடாவின் கிழக்குப் பக்கம் வந்துவிட்டோம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரோட்டம் வேகமெடுக்கும். அந்த வேகத்தில் சில மிதவைகள் தண்ணீருக்குள்ளேயே இழுபட்டுப் போய்விடும். மேலே இருந்து பார்த்தால் வெறும் கடல்.

தட் என்று ஒரு சத்தம். இன்ஜின் இருமி நின்றது. படகு மெதுவாகத் திரும்பி, பின்பக்கம் நீரோட்டத்தைப் பார்க்க நின்றுவிட்டது. கூடே எங்களுக்கு நங்கூரம் ஆகியிருந்தது.

இது பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால், படகின் முன்பக்கம் அலையை வெட்டுவதற்காகச் செய்தது, பின்பக்கம் அப்படியல்ல. அலை கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் பின்பக்கமாகத் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும். குதித்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆகஸ்டிலும் அந்தத் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். திடீரென்று இறங்கினால் மூச்சு தடுமாறும். அதோடு ஆடுகிற படகின் அடிப்பாகம் தலையில் இடிக்கும்.

அண்ணன் முதலில் இன்ஜின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாராவது கைதவறிக்கூட ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. நீளக் கொக்கியால் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கம்பிபோல விறைத்திருந்தது. ப்ரொப்பல்லர் தண்டைக் கையால் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கால் சுற்று வந்து நின்றது.

அண்ணி ரம்பப் பல் வைத்த கத்தியை எடுத்து வெளியே வைத்தார். "வெட்டிடலாமா?"

"இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்" என்றார் அண்ணன்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் எனக்குக் கணக்குச் சொன்னார். கூடு, கயிறு, மிதவை எல்லாம் சேர்த்தால் நூறு டாலருக்கு மேல். வெட்டிவிட்டால் மீனவருக்கு அதைத் தேட வழியில்லை. அந்த இற்றுப்போகும் பகுதி திறக்கும் வரை கூடு அடியில் கிடந்து, யாருக்கும் பயனில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் வெட்டவேண்டும்தான். அப்போதும் ப்ரொப்பல்லரை ஒட்டி வெட்டி, கூட்டுப்பக்கக் கயிற்றையும் மிதவைப்பக்கக் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விடவேண்டும். முடிச்சைப் பார்த்தால் மீனவருக்குப் புரிந்துவிடும். கயிறு குட்டையாகும், ஆனால் கூடு மிஞ்சும்.

ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு லாப்ஸ்டர் படகு எங்களை நோக்கி வந்தது. கூரையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு மிதவை. எங்கள் படகுக்குப் பின்னால் பாதி அமிழ்ந்து தெரிந்த மிதவையும் நீலமும் வெள்ளையும்தான்.

ஐம்பது வயதிருக்கும். ஆரஞ்சு நிற ரப்பர் பேன்ட். வணக்கம் எதுவும் இல்லை. எங்கள் இருக்கையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். அதைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணன். அதன் பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

கூட்டுப்பக்கம் போய், கயிற்றைக் கொக்கியால் பிடித்து, இயந்திர உருளையில் சுற்றிக் கூட்டையே மேலே தூக்கினார். விறைப்பு போனது. பிறகு இந்தப் பக்கம் வந்து மிதவையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டார். இரண்டு முனையும் தளர்ந்த பிறகு அண்ணன் தண்டைக் கையால் திருப்பத் திருப்ப, கயிறு பாம்பு மாதிரி நழுவி வெளியே வந்தது. மொத்தம் கால் மணி நேரம். கூட்டில் நான்கு லாப்ஸ்டர்கள். ஒவ்வொன்றையும் பித்தளை அளவுகோல் வைத்துப் பார்த்தார். முதுகு ஓடு 3¼ அங்குலத்துக்குக் குறைந்தாலும் 5 அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கே திருப்பிவிடவேண்டும். ஒன்றின் வயிற்றில் முட்டைகள். அதன் வால் மடலில் சின்னதாக ஒரு வெட்டு போட்டுத் தண்ணீரில் விட்டார். அந்த வெட்டைப் பார்க்கும் எந்த மீனவரும், முட்டை இல்லாத நேரத்திலும் அதைத் தொடக் கூடாது. கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

நன்றி சொன்னோம். இன்று நீரோட்டம் கடுமை, தெற்கே தீவை ஒட்டிப் போனால் மிதவைகள் குறைவு என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

திமிங்கிலமும் ஒரு கட்சி

இந்தக் கயிறுகளில் மாட்டுவது படகுகள் மட்டுமல்ல. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் உலகில் மிச்சமிருப்பவை 400-க்கும் குறைவு. மீன்பிடிக் கயிற்றில் சிக்குவது அவற்றின் அழிவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதனால் 2020 முதல் மெய்ன் கயிறுகளில் ஊதா நிற அடையாளம் போடவேண்டும். 1,700 பவுண்டு இழுப்பில் அறுந்துகொடுக்கும் பலவீனமான இணைப்புகளும் வந்துவிட்டன. தங்கள் கயிற்றால்தான் திமிங்கிலம் சாகிறது என்பதை மெய்ன் மீனவர்கள் ஏற்பதில்லை. வழக்குகள் நடந்தன. 2022 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய கட்டுப்பாடுகளை 2028 முடியும் வரை தள்ளிவைத்தது.

கயிறே இல்லாத கூடுகளையும் சோதித்துவருகிறார்கள். மீனவர் சமிக்ஞை அனுப்பினால் கடலடியிலிருந்து மிதவை மேலே வரும். திமிங்கிலத்துக்கு நல்லது, படகோட்டிக்கும் நல்லது. ஆனால், ஒரு கூட்டுக்கு ஆகும் செலவு பல மடங்கு. மேலே மிதவை இல்லையென்றால் அடுத்தவர் கூட்டின் மேலேயே கூடு போடும் ஆபத்தும் உண்டு. மீனவர்கள் தயங்குவதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

போக நினைப்பவர்களுக்கு...

சொந்தப் படகெல்லாம் வேண்டாம். பாஸ்டனிலிருந்து ராக்லாண்ட் காரில் மூன்றரை மணி நேரம். ராக்லாண்டிலும் பக்கத்து கேம்டனிலும் பழைய பாய்மரக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு சில நாள் சுற்றிக் காட்டுகின்றன. 'ஸ்டீஃபன் டேபர்', 'லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச்' இரண்டும் 1871-ல் கடலில் இறங்கியவை. கப்பலுக்குள் இன்ஜின் கிடையாது, காற்று விழுந்தால் ஒரு சின்னப் படகு பின்னாலிருந்து தள்ளும். மிதவைகளுக்கு மேலே அலட்டிக்கொள்ளாமல் போய்விடும். ஆகஸ்ட் என்றாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ராக்லாண்டில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கல்சுவர் மீது நடந்து, முனையில் இருக்கும் கலங்கரை விளக்கம் வரை போகலாம். குழந்தைகளுக்கு நல்ல செருப்பு அவசியம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கள் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு வரை கூடு தூக்கக் கூடாது என்பது மெய்ன் சட்டம். அதனால் ஸ்டோனிங்டனில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படகுகள் துறைமுகத்திலேயே நின்றன. ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு வண்ணம். நீலம் வெள்ளையை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் வேறு தீவுக்காரராக இருக்கலாம் என்றார் அண்ணி. திங்கள் அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே டீசல் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. அவர்கள் கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆடியது. அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "எல்லாரும் போகட்டும், அப்புறம் கிளம்பலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.